அமானிதமும் வாணிபமும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

சென்ற ரமளானுக்குச் சில நாட்களுக்கு முன்பு, நம் மஹல்லாவின் மூன்று இளைஞர்கள் அஸர் தொழுகைக்குப் பின் நம்மைச் சந்தித்தார்கள். மூவரும் படித்தவர்கள். இருவர் வளைகுடாவில் சில ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர்கள். “ஹஜரத், நாங்கள் நிதிச் சேவை நிறுவனம் ஒன்று தொடங்க விரும்புகிறோம். மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா? இடமுண்டு என்றால் எப்படி நடத்த வேண்டும்?” என்று கேட்டார்கள்.

வேண்டாம் என்று சொல்லிவிடவே நம் நாவு முதலில் எழுந்தது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை இதுவரை எந்த மேடையிலும் நாம் சொன்னதில்லை. இன்று சொல்லியாக வேண்டும்.

நாம் ஏந்திய கைகள்

சில ஆண்டுகளுக்கு முன்பு நமதூர்க் கடைவீதியில் ஒரு ஃபைனான்ஸ் நிறுவனம் திறக்கப்பட்டது. அதன் பெயர் இங்கே தேவையில்லை. வட்டியில்லாத, ஹலாலான முதலீடு என்று விளம்பரம் செய்தார்கள். ஒரு லட்சம் ரூபாய் செலுத்தினால் மாதந்தோறும் மூவாயிரம் ரூபாய் லாபப் பங்கு என்றார்கள். திறப்பு விழாவிற்கு நம்மை அழைத்தார்கள். நாமும் சென்றோம், பரக்கத் வேண்டிக் கையேந்தி துஆ செய்தோம். மறுவாரமே நாம் கையேந்தி நிற்கும் படம் அவர்களது நோட்டீசில் அச்சாகி வீடு வீடாகச் சென்றது.

மாதந்தோறும் ஏறாமலும் இறங்காமலும் ஒரே தொகை எப்படி லாபமாக வரும் என்று அன்று நாம் கேட்கவில்லை. முளாரபாவில், அதாவது ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் தந்து செய்யும் கூட்டு வாணிபத்தில், ஒரு தரப்பாருக்கு இவ்வளவு ரூபாய் என்று நிச்சயித்துவிட்டால் அந்த ஒப்பந்தமே செல்லாது என்பது ஃபிக்ஹுக் கிதாபுகளில் தெளிவாக உள்ள சட்டம். லாபத்தில் பாதி, மூன்றில் ஒன்று என்று விகிதமாகவே பேச வேண்டும். நாம் மதரஸாவில் ஓதிய பாடம் இது. பிறருக்கு ஓதிக்கொடுத்த பாடமும் இதுவே. ஆயினும் பந்தல் மரியாதையில் அந்தப் பாடம் நமக்கு நினைவுக்கு வரவில்லை.

கணக்கும் நாம் போட்டுப் பார்க்கவில்லை. மாதம் மூவாயிரம் என்றால் ஆண்டுக்கு முப்பத்தாறாயிரம். நூற்றுக்கு 36 கொடுக்க வேண்டுமானால், வாடகையும் சம்பளமும் போக அதற்கு மேலும் சம்பாதித்தாக வேண்டும். ஆண்டுதோறும் தவறாமல் அவ்வளவு லாபம் தரும் வியாபாரம் எது? மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். எந்த வியாபாரமும் செய்யாமல், ஒருவர் கொடுத்த லட்சத்தையே பிரித்து மாதம் மூவாயிரமாக அவருக்கே திருப்பிக் கொடுத்தால்கூட 33 மாதங்கள் ஓட்டிவிடலாம். அதுவரை அவர் அதை லாபம் என்றே நம்பிக்கொண்டிருப்பார். அடுத்த வீட்டாரிடமும் சொல்லுவார்.

அந்த நிறுவனம் இரண்டு ஆண்டுகளைக்கூட எட்டவில்லை. ஒரு காலைப் பொழுதில் கதவு பூட்டிக் கிடந்தது. அன்று மஃரிபுக்குப் பின் நம் மஹல்லாவின் கணவனை இழந்த தாயார் ஒருவர் நம் வீட்டு வாசலுக்கு வந்தார். மகளின் நிகாஹுக்காக நகையை விற்றுச் சேர்த்த தொகையை அங்கே போட்டிருந்தார். அவர் அழவில்லை. “ஹஜரத், நீங்க கையேந்தி துஆ கேட்ட இடம்னுதான் போட்டேன்” என்று மட்டும் சொன்னார்.

அவருக்குச் சொல்ல நம்மிடம் பதில் இல்லை. பின்னர் அவருடனும் மற்றவர்களுடனும் மாவட்டத் தலைநகருக்குச் சென்று, பொருளாதாரக் குற்றப் பிரிவில் மனுக் கொடுக்கத் துணை நின்றோம். பணம் இன்னும் வரவில்லை.

தேவை இருக்கிறது

அந்த மூன்று இளைஞர்களிடம் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், அது மார்க்கத்தின் பதிலாக இருந்திராது. நம் அச்சத்தின் பதிலாகவே இருந்திருக்கும். நம் மக்களுக்கு நிதித் தேவை இல்லையா? தையல் இயந்திரம் வாங்க, கடைக்குச் சரக்கெடுக்க, மருத்துவமனையில் கட்ட, பள்ளிக் கட்டணம் செலுத்தப் பணம் தேவைப்படும்போது அவர்கள் எங்கே போகிறார்கள்? கந்துவட்டிக்காரரிடமும் மீட்டர் வட்டிக்காரரிடமும் போகிறார்கள். வட்டி பாவம் என்று மிம்பரில் நின்று நாம் எச்சரிக்கிறோம். மாற்று வழி எங்கே என்று மிம்பருக்குக் கீழே அமர்ந்திருப்பவர் மனத்திற்குள் கேட்கிறார். நாணயமான ஒரு வாணிபர் அந்த வழியைத் திறந்துவிட்டால் அவர் ஊருக்குச் செய்யும் உபகாரம் சிறியதன்று.

ஆகவே, எப்படி நடத்த வேண்டும் என்ற அவர்களின் இரண்டாவது கேள்விக்கே இன்றைய பேச்சில் விடை தேட முயல்கிறோம்.

ஸுபைர் (ரழி) அவர்களின் கணக்கு

நிதி வாணிபத்தில் விற்கப்படும் சரக்கு பணமன்று, நம்பிக்கையாகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்டபோது, மக்காவாசிகள் தம்மிடம் ஒப்படைத்திருந்த அமானிதங்களை உரியவர்களிடம் சேர்ப்பதற்காக அலீ (ரழி) அவர்களை விட்டுச் சென்றார்கள். கொல்லத் துணிந்த ஊராரின் பொருளையும் அந்த உத்தமர் திருப்பிக் கொடுத்தார்கள்.

அடுத்து ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரழி) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். ஸஹீஹுல் புகாரியில் இது விரிவாகப் பதிவாகியுள்ளது. மக்கள் அவர்களிடம் பணத்தைப் பாதுகாக்கக் கொண்டுவருவார்கள். அவர்களோ, இதை அமானிதமாக அன்றிக் கடனாகவே பெற்றுக்கொள்கிறேன், இது தவறிவிடுமோ என அஞ்சுகிறேன் என்ற கருத்துப்படச் சொல்லுவார்கள்.

இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். அமானிதப் பொருள் காப்பவரின் கவனக்குறைவின்றித் தொலைந்துபோனால், அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. அதைத் தம் செலவுக்கோ வியாபாரத்திற்கோ எடுத்துக்கொள்ளவும் கூடாது. கடன் அப்படியன்று. பெற்றவர் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் என்ன நேர்ந்தாலும் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். ஸுபைர் (ரழி) அவர்கள் முழுப் பொறுப்பையும் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டு மக்களின் அச்சத்தைப் போக்கினார்கள். இன்று வங்கியில் நாம் போடும் பணமும் சட்டத்தின் பார்வையில் வங்கிக்கு நாம் தரும் கடனே.

ஹிஜ்ரி 36ஆம் ஆண்டு ஜமல் போரின்போது அவர்கள் ஷஹீதானார்கள். மகனார் அப்துல்லாஹ் (ரழி) அவர்கள் கணக்கிட்டபோது கடன் 22 லட்சமாக இருந்தது. ரொக்கமாகத் தீனாரோ திர்ஹமோ இல்லை. ஆனால் சொத்துக்கள் இருந்தன. மதீனாவில் பதினொரு வீடுகள், பஸராவில் இரண்டு, கூஃபாவில் ஒன்று, மிஸ்ரில் ஒன்று, இவற்றுடன் ‘காபா’ எனும் நிலமும் இருந்தது. 1,70,000க்கு வாங்கிய அந்த நிலம் 16 லட்சத்திற்கு விலைபோனது. கடன்கள் தீர்ந்தன. அப்போதும் வாரிசுகளுக்கு உடனே பங்கிடவில்லை. தம் தந்தையிடம் கடன் கொடுத்தவர் எவரேனும் இருந்தால் வரலாம் என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவிப்புச் செய்துவிட்டே அப்துல்லாஹ் (ரழி) அவர்கள் பங்கிட்டார்கள்.

நிதித் தொழிலில் இறங்கும் ஒருவருக்கு இதில் மூன்று பாடங்கள் உள்ளன. கொடுக்க வேண்டியதைவிடச் சொத்து கூடுதலாக இருக்க வேண்டும். சொத்து இருந்தாலும் கையில் ரொக்கம் இல்லையேல் கடன்காரர் காத்திருக்க நேரிடும் என்பதை உணர்ந்து, ஒரு பகுதியை ரொக்கமாக வைத்திருக்க வேண்டும். நாம் கண்மூடினாலும் கணக்கைத் தீர்க்கத் தெரிந்த ஒருவரை முன்னதாகவே பொறுப்பாக்கியிருக்க வேண்டும்.

மித் கம்ர் ஊரின் அனுபவம்

நம் காலத்திற்கு அருகில் வருவோம். எகிப்தில் நைல் நதியின் கழிமுகப் பகுதியில் மித் கம்ர் என்றோர் ஊர். ஜெர்மனியில் பயின்ற அஹ்மத் அந்நஜ்ஜார் என்னும் பொருளாதார அறிஞர், அந்நாட்டுச் சேமிப்பு வங்கிகளின் முறையைக் கண்டு, 1963ஆம் ஆண்டு அங்கே ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். வட்டி கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. சிறு விவசாயிகளும் தொழிலாளிகளும் சேமித்தார்கள். சேமித்தவர்களுக்குச் சிறு தொழிலுக்கு வட்டியில்லாக் கடன் கிடைத்தது. முதலீட்டுக் கணக்கில் போட்டவர்களுக்கு உள்ளூர்த் தொழில்களின் லாபத்தில் பங்கு கிடைத்தது. 1967க்குள் ஒன்பது கிளைகளாக வளர்ந்தது. அன்றைய அரசியல் சூழலில் பின்னர் அது தனியாக நீடிக்கவில்லை எனினும், பிற்காலத்தில் உலகெங்கும் எழுந்த வட்டியில்லா வங்கிகளுக்கு அது முன்னோடியாயிற்று.

அந்த வங்கி தன்னை இஸ்லாமிய வங்கி என்று விளம்பரப்படுத்திக்கொள்ளவில்லை. மார்க்கம் பெயர்ப்பலகையில் இல்லை, கணக்கேட்டில் இருந்தது. அதே எகிப்தில் 1980களில் மார்க்கத்தின் பெயரால் முதலீட்டு நிறுவனங்கள் பல எழுந்தன. நூற்றுக்கு இருபதுக்கும் மேல் தருவதாகச் சொல்லித் திரட்டினார்கள். 1988இல் அரசு சட்டம் இயற்றிக் கணக்குக் கேட்டபோது அவற்றுள் பெரியவை சரிந்தன. எண்ணற்ற குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. நம் கடைவீதியில் நடந்தது அதன் சிறு நிழலே.

எங்கிருந்து தொடங்குவது?

தம்பிமார்களே! முதற்படியாக, பிறர் பணம் உங்கள் கல்லாவுக்குள் நுழையாத சேவைகளிலிருந்து தொடங்குங்கள். சிறு வணிகர்களுக்குக் கணக்கெழுதித் தருதல், வருமான வரிக் கணக்குத் தாக்கல், சரக்கு சேவை வரிப் பணிகள் ஆகியவை உழைப்புக்குக் கூலி பெறும் தூய தொழில்கள். அதற்குரிய தேர்வெழுதிப் பதிவு எண் பெற்றவர்கள் பரஸ்பர நிதித் திட்டங்களின் விநியோகஸ்தராகலாம். அதில் வாடிக்கையாளரின் பணம் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து நேரே நிதி நிறுவனத்திற்குச் செல்லும். ஷரீஅத் நெறிப்படி தெரிவு செய்யப்பட்ட பங்குகளைக் கொண்ட திட்டங்களும் நம் நாட்டில் உள்ளன. இத்தகைய பணிகளில் சில ஆண்டுகள் நேர்மையாக நடந்தால், ஊரில் யார் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஊருக்கும் தெரியும்.

இரண்டாம் படி, உங்கள் சொந்த முதலைக் கொண்டு தவணை வியாபாரம். கிதாபுகளில் முராபஹா எனப்படுவது இது. ஒருவருக்கு 80,000 ரூபாய் விலையுள்ள இயந்திரம் தேவை. பணத்தை அவர் கையில் கொடுத்துக் கூடுதலாகத் திரும்பப் பெற்றால் அது வட்டி. நீங்களே இயந்திரத்தை விலைக்கு வாங்கி, உங்கள் உடைமையாக்கிக்கொண்டு, அடக்க விலை 80,000, லாபம் 8,000 என்று வெளிப்படையாகச் சொல்லி, மாதம் 8,000 வீதம் 11 தவணைகளில் விற்றால் அது வியாபாரம். இரண்டுக்கும் இடையே நூலிழை வேறுபாடுதானே என்று சிலர் கேட்கலாம். இயந்திரம் உங்கள் பொறுப்பில் இருக்கும்போது கெட்டுப்போனால் நட்டம் உங்களுடையது. அந்தப் பொறுப்பை ஏற்பதால்தான் லாபம் ஹலாலாகிறது. விலைச்சீட்டைக் காகிதத்தில் மட்டும் மாற்றிவிட்டுப் பொருளைக் கண்ணாலும் காணாதவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். பேசிய விலையைத் தாமதத்திற்காகக் கூட்டவும் கூடாது.

இதிலும் ஒரு கணக்கு உண்டு. ஒருவர் ஒரு தவணைகூடக் கட்டாமல் ஊரைவிட்டுப் போய்விட்டால், மற்றப் பத்துப் பேரிடம் ஈட்டிய 80,000 ரூபாய் லாபம் முழுவதும் அந்த ஒருவரால் கரைந்துவிடும். ஆகவே இத்தொழிலின் வெற்றி ஆளைத் தெரிவு செய்வதில் உள்ளது. முகத்திற்காகவும் உறவுக்காகவும் கொடுத்தால் நிறுவனம் நிலைக்காது. மெய்யாகவே சிரமத்தில் விழுந்தவருக்கு அவகாசம் கொடுக்குமாறு மறை பணிக்கிறது. வசதியிருந்தும் இழுத்தடிப்பவர் அநீதி செய்பவர். இருவரையும் பிரித்தறிய வீட்டுக்குச் சென்று பார்க்கும் பழக்கம் வேண்டும். லாபத்தில் ஒரு பகுதியை வாராக் கடனுக்கென ஒதுக்கியும் வைக்க வேண்டும்.

சீட்டு நடத்தலாமா என்றும் கேட்டார்கள். அனைவரும் சமமாகக் கட்டி, குலுக்கலில் பெயர் வந்தவர் குறைவின்றி முழுத் தொகையையும் பெறுவதில் தடையில்லை. ஏலத்தில் தள்ளி எடுக்கும் சீட்டில், முன்னதாக எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தொகை மற்றவர்களுக்கு ஆதாயமாகப் போகிறது. அதில் வட்டியின் சாயல் இருப்பதால் விலகியிருப்பதே பேணுதலாகும்.

நாட்டின் சட்டம்

வட்டியில்லாத திட்டம்தானே, சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது என்று சிலர் எண்ணுகிறார்கள். இது பெருந்தவறு. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2019இல் இயற்றப்பட்டது. திருப்பித் தருவதாகச் சொல்லிப் பெறும் பணம், அதற்கு வட்டி உண்டா, லாபம் உண்டா, எதுவும் இல்லையா என்ற வேறுபாடின்றி, அச்சட்டத்தின்படி வைப்புத் தொகையே. அனுமதியின்றிப் பெறுவோருக்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. தனிநபர்களும் கூட்டு நிறுவனங்களும் நிதித் தொழிலுக்காகப் பொதுமக்களிடம் வைப்புத் தொகை பெறுவதை ரிசர்வ் வங்கிச் சட்டமும் தடுக்கிறது. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்க 1997ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் உள்ளது. சீட்டு நிறுவனங்களுக்கு 1982ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி முன்கூட்டியே அனுமதியும் பதிவும் வேண்டும். சீட்டுத் தொகைக்குக் குறையாத பிணையும் வைக்க வேண்டும். நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதமாக இருந்து, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 7 சதவீதமாயிற்று. அதற்கு மேல் எடுக்க இயலாது.

இச்சட்டங்களைத் தொல்லை என்று கருதாதீர்கள். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளுடன் எழுதி வைப்பதைப் பற்றியது. ஆண்டுதோறும் தணிக்கை, ஒவ்வொரு பணத்துக்கும் ரசீது, காசோலையில் இருவர் கையொப்பம், குடும்பச் செலவுக்குத் தனிக் கணக்கு, வியாபாரப் பொருளுக்கு முறையான ஜகாத் ஆகியவை எல்லாம் அந்த வசனம் காட்டும் பாதையில் அமைந்தவையே.

ஜமாஅத்திற்கு ஒரு வேண்டுகோள்

நிர்வாகப் பெருமக்களிடம் நாம் மூன்று வேண்டுகோள்களை எழுத்து மூலம் கொடுத்துள்ளோம். பள்ளியின் அறிவிப்புப் பலகையும் ஒலிபெருக்கியும் எந்த நிதி நிறுவனத்தின் விளம்பரத்திற்கும் பயன்படலாகாது. பதிவுச் சான்றையும் தணிக்கைக் கணக்கையும் காட்டாத நிதி நிறுவனத்தின் திறப்பு விழாவுக்கு ஜமாஅத்தின் சார்பில் எவரும் செல்லலாகாது. இந்த விதி முதலில் இமாமைக் கட்டுப்படுத்த வேண்டும். மூன்றாவதாக, பைத்துல்மாலில் கர்ழு ஹஸனாவுக்கென, அதாவது வட்டியில்லா அழகிய கடனுக்கென, ஒரு தனி நிதி ஒதுக்கப்பட்டு அதன் வரவு செலவு மாதந்தோறும் பள்ளியில் ஒட்டப்பட வேண்டும். பெறுபவரின் பெயர் வேண்டாம், தொகை மட்டும் போதும்.

அந்த மூன்று இளைஞர்களும் கணக்கெழுதும் அலுவலகம் ஒன்றைத் தொடங்க முடிவு செய்திருக்கிறார்கள். திறப்புக்கு நம்மை அழைத்தார்கள். காகிதங்களைக் கொண்டுவாருங்கள், படித்துவிட்டுச் சொல்கிறோம் என்றோம். அவர்கள் முகம் சுளிக்கவில்லை, மறுநாளே கொண்டுவந்தார்கள். அதுவே நமக்கு நம்பிக்கையளித்தது.

முன்பு சொன்ன அந்தத் தாயார் இன்றும் தம் பேரனை மக்தபுக்குக் கைப்பிடித்து அழைத்து வருகிறார். நம்மைக் கண்டால் ஸலாம் சொல்கிறார். பதில் ஸலாம் சொல்லும் ஒவ்வொரு முறையும், மறுமையில் அவர் நம்மிடம் என்ன கேட்பார் என்ற எண்ணம் நமக்கு எழுகிறது. நமது பிழையை அல்லாஹ் மன்னிப்பானாக! இழந்தோருக்கு இழந்ததை மீட்டுத் தருவானாக! நம் இளைஞர்களின் கைகளைப் பிறர் பொருளில் தூய்மையாக வைப்பானாக! அவர்களின் வாணிபத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.